கண்ணில் விழுந்த வண்டி

தையற்காரரின் இளைய மகளுடைய வலக்கண்ணில் ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. சின்ன வயதில், நீராவி எஞ்சின் இழுக்கும் பகல் வண்டியில், தலையை வெளியே நீட்டாதே என்று சொல்லச் சொல்ல நீட்டியபோது கரித்தூள் விழுந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் விழுவதுதான், ஊதினால் போய்விடும். இவளுக்குப் போகவில்லை. முதலில் புகை தெரிந்தது, பிறகு எஞ்சின், அப்புறம் பெட்டிகள். மேட்டில் ஏறும்போது கண் கலங்கி இமையோரம் லேசாகப் புகைந்ததால், வகுப்பில் அவளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்தார்கள்.

கண் டாக்டர் இமையை மடக்கி, விளக்கடித்துப் பார்த்தார். “தூசி இல்லீங்க, வண்டிதான். பஞ்சால ஒத்தினா வந்துடும்.”

“எடுத்துடுங்க,” என்றார் தையற்காரர்.

மகள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம்பா. அதுல அக்கா இருக்கா.”

மூத்தவள் முந்தைய வருடம்தான் அந்த எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போடுகிறவனோடு போயிருந்தாள். அவள் பேச்சையே எடுக்கக்கூடாது என்று வீட்டில் கட்டளை. தையற்காரர் சுவரில் இருந்த எழுத்துப் பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு கேட்டார்:

“எப்படி இருக்கா?”

“இளைச்சிருக்கா. மூஞ்சியெல்லாம் கரி. ஆனா சிரிச்சுட்டுதான் இருக்கா.”

“இருந்துட்டுப் போகட்டும் டாக்டர்,” என்று அவர் எழுந்துகொண்டார்.

சில வருடங்களில் பாதையை மூடி, தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கண்ணுக்குள் ஓடிய வண்டிக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஊர் வண்டியைப் போலவே தாமதமாக வந்து போயிற்று. தையற்காரர் தினமும் மதியம் மெஷினை நிறுத்திவிட்டு, மகள் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து விசாரிப்பார். அக்கா கைக்குழந்தையோடு ஏறியிருக்கிறாள், பெண் குழந்தை என்று ஒருநாள் தெரிந்தது. அன்று அவர் உடனே மெஷினுக்குத் திரும்பினார். வாடிக்கையாளர்களைக் காக்கவைத்து, மஞ்சள் துணியில் ஒரு கவுன் தைத்தார். வண்டி நின்ற நேரம் பார்த்து அதை மகளின் கண்ணருகே கொண்டுபோனார். அவள் இமைத்தாள். அவர் கையில் கவுன் இல்லை.

“போட்டுப் பாத்தாச்சுப்பா. கைகிட்ட இறுக்குதாம், அக்கா சைகை காட்டுறா.”

“பிள்ளை வளருதுல்ல,” என்றார் தையற்காரர். அடுத்த கவுனுக்குக் கையைக் கொஞ்சம் தாராளமாக வெட்டினார்.