கூட யாரும் இல்லை

எங்கள் நாட்டில் ஏழாயிரத்துச் சொச்சம் தீவுகள். நாற்பத்து நான்கு வயது வரை நான் பார்த்தவை இரண்டு: பிறந்த நெக்ரோஸ், விமானம் ஏறப் போன லூசோன். பதினேழு வருடமாக ஹாங்காங்கில் அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு அதற்கு மேல் எங்கே நேரம்?

அந்த வீட்டுக்காரர்கள் என் நாட்டுக்கு ஆறு முறை சுற்றுலா வந்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் முதலாளியம்மா கைபேசியில் படங்களைக் காட்டி, எந்தத் தீவில் தண்ணீர் தெளிவு, எந்த ஊரில் மீன் ருசி என்று எனக்கே விளக்குவார். கடைசி முறை, "மார்சிலா, உனக்குப் பிடிச்ச தீவு எது?" என்று கேட்டார். வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழவில்லை. வயிறெரிந்தது. என் வீட்டு மாடியை வாடகைக்காரர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து எனக்கே கதை சொல்ல, நான் கேட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது.

இந்த முறை முப்பது நாள் விடுமுறை கிடைத்தது. அதில் இருபது நாளை எனக்கென்று வைத்துக்கொள்வது என்று விமானத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அண்ணன் தியோபிலோ வேறு முடிவு செய்திருந்தான். மூன்று ஞானஸ்நானம், இரண்டு கல்யாணம், ஊர்த் திருவிழா. ஞானஸ்நானத்துக்கு மட்டுமல்ல, எங்கள் ஊர்க் கல்யாணத்துக்கும் ஞானத்தாய் உண்டு; அத்தனைக்கும் நான்தான். வெளிநாட்டிலிருந்து வந்தவள் ஞானத்தாயாக நின்றால் பிள்ளைக்கு அதிர்ஷ்டம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அந்த அதிர்ஷ்டம் எந்த உறைக்குள் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். என்னைக் கேட்காமலே பாதிரியாரிடம் என் பெயரைக் கொடுத்து, அழைப்பிதழிலும் அச்சடித்துவிட்டான். முன்பெல்லாம் நான் வாயைத் திறந்ததில்லை. இந்த முறையும் ஒன்பது நாள் பொறுத்தேன். சோப்பு, சாக்லேட், துண்டு என்று வந்தவர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்தேன். இரண்டு பிள்ளைகளைத் தண்ணீர்த் தொட்டி மேல் பிடித்தேன். பத்தாம் நாள் காலை குளிர்சாதனப் பெட்டியில் ஒரு சீட்டை ஒட்டினேன்: "ஊர் சுற்றப் போகிறேன். முப்பதாம் நாள் வருவேன். தேட வேண்டாம்."

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பேருந்தில், படகில், சோற்றுக் கடையில், எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "கூட யாரு?" வெள்ளைக்காரி தனியாகப் போனால் பயணி. நான் தனியாகப் போனால் யாரோ செத்திருக்க வேண்டும், அல்லது யாரோடோ ஓடிவந்திருக்க வேண்டும். முதல் நாள் "வேலை விஷயமா போறேன்" என்று பொய் சொன்னேன். இரண்டாம் நாள் இல்லாத புருஷனைக் கொன்றேன். மூன்றாம் நாள் அலுத்துப் போய் "யாரும் இல்லை" என்றேன். கேட்ட அம்மாள் பாவப்பட்டு எனக்கு அவித்த வேர்க்கடலை கொடுத்தாள். கடலையை வாங்கிக்கொண்டேன், பாவத்தை அவளிடமே விட்டுவிட்டேன்.

அப்போ என்ற குட்டித் தீவில் கடலாமைகளோடு நீந்தினேன். நீந்தினேன் என்றால், மிதவைச் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். ஆமை என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அங்கிருந்து சிக்கிஹோர் தீவு. நானூறு வருட ஆலமரத்தடிக் குளத்தில் காலை நனைத்துக்கொண்டு ஒரு படம் எடுத்து, அண்ணன் மகளுக்கு அனுப்பினேன். என் காலும் மீனும்தான் அதில் இருந்தன. அந்தக் குளம் எந்தத் தீவு என்று பார்த்ததும் தெரிந்துவிடும்; அனுப்பியது என் முட்டாள்தனம்.

மறுநாள் காலை நிமேசியாவின் சோற்றுக் கடையில், ஓலைப் பொட்டலத்தில் வேகவைத்த சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக அவள் கடைக்குப் பின்னால் இருந்த அறையில்தான் தங்கியிருந்தேன். ஐம்பது வயதுக்காரி, குரல் பெரியது. அலமாரி மேலிருந்த வானொலியில், அக்கரை நெக்ரோஸிலிருந்து வழக்கமான காணவில்லை அறிவிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு எருமை. ஒரு பணப்பை. அப்புறம் நான்.

"மார்சிலா வில்லாரின்ங்கிற பொண்ணு புத்தி தடுமாறி வீட்ட விட்டுக் கெளம்பிட்டாங்க. இப்ப சிக்கிஹோர்ல இருக்காங்களாம். அங்க யாரோ வசிய மருந்து வெச்சு இழுத்துட்டாங்கன்னு குடும்பம் சந்தேகப்படுது. எந்தத் துறைமுகத்துலயும் படகு ஏற விடாம நிறுத்தி வைங்க. அவங்க அண்ணன் இன்னைக்கே வர்றாரு. அடையாளம் வந்து..."

நிமேசியா வானொலியைப் பட்டென்று அணைத்தாள். மீன் கரண்டியோடு என் பக்கம் திரும்பினாள்.

"நீதானா அது?"

"நான்தான்."

"புத்தி தடுமாறிடுச்சா?"

"இப்பத்தான் நேராயிருக்கு."

"மருந்து வெச்சோமாமே."

"எங்கண்ணன் வாய்க்கு வந்ததச் சொல்லியிருக்கான்க்கா. மன்னிச்சுக்குங்க."

"எந்தக் கருமம் நடந்தாலும் எங்க ஊரு சூனியம்." கரண்டியைத் தட்டில் வைத்தாள். "தொலைஞ்ச கோழிக்கும் நாங்கதான், ஓடிப்போன புருஷனுக்கும் நாங்கதான். சூனியம் வெக்கத் தெரிஞ்சா நான் ஏன் நாலு மணிக்கு எந்திரிச்சு மீன் பொரிக்கிறேன்? அடுத்து எங்க போறே?"

"போஹோல். மத்தியானப் படகு. அப்புறம் கமிகின், சியர்காவ். அதுவரைக்கும் நாள் இருக்கு."

"ஏறு வண்டியில."

நான் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மிச்ச நாட்கள் கோவிலிலும் அடுப்படியிலும் கரையும். பிறகு இரண்டு வருட ஒப்பந்தம். அதற்குள் முட்டி தேய்ந்துவிடும். இந்தப் படகை விட்டால் நான் பார்த்தவை நான்கு தீவுகள் என்றே கணக்கு முடிந்துவிடும். நிமேசியாவின் மோட்டார் சைக்கிளில் இருபது கிலோமீட்டரும் இதையேதான் நினைத்துக்கொண்டு போனேன்.

துறைமுக வாசலில் பயணிகள் பட்டியல் எழுதுகிறவர் என் பெயரைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டார். இளவயது, நல்ல முகம். அவர்மேல் தப்பில்லை.

"அக்கா, உங்கள நிறுத்தி வெக்கச் சொல்லி தாள் வந்திருக்கு. வீட்டு ஆளு வந்து பாக்கட்டும்."

"தம்பி, எனக்கு நாப்பத்தி நாலு வயசு. எங்கூட்ல கோவிச்சுக்கிட்டா உங்க படகு ஏன் நிக்கணும்?"

"படகு நிக்காதுக்கா. நீங்கதான் நிக்கணும்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதற்குள் அக்கரைப் படகு வந்து கரை சேர்ந்தது. அண்ணன் இறங்கினான், தேவாலயத்துக்குப் போகும் சட்டையில். அவனைப் பார்த்ததும் பழைய பயம் வந்தது; பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"வா வீட்டுக்கு," என்றான்.

"வரல."

"ஞாயித்துக்கிழம ஞானஸ்நானம். பாதிரியார்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"அந்தப் புள்ளைய எனக்குத் தெரியாது, அதுக்கு என்னையத் தெரியாது. நீயே நில்லு."

"யாரு அவன்?"

"எவன்?"

"உன்னக் கூட்டிட்டு வந்தவன்."

"இந்தப் பைதான் கூட வந்துச்சு. வேணும்னா அதக் கேட்டுப் பாரு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணனின் காது சிவந்தது. நிமேசியா இடுப்பில் கைவைத்து முன்னால் வந்தாள். "ரேடியோல எங்க ஊர மருந்து வெக்கிற ஊருன்னு சொன்னது நீங்கதானா? சாப்பிட வாங்கண்ணே. வெச்சே காட்டுறேன்." அவன் ஓர் அடி பின்வாங்கினான்.

அலுவலர் கையைத் தூக்கினார். "சத்தம் வேணாம். தாள்ல உள்ள அடையாளம் சரியான்னு நீங்க சொல்லி, கையெழுத்துப் போடுங்கண்ணே. அப்புறம் உங்க பாடு." வாசித்தார். "பேரு மார்சிலா. ஒல்லியான ஒடம்பு. இடுப்பு வரைக்கும் கருகருன்னு கூந்தல். அடையாளம் நீங்க சொன்னதுதானே?"

"ஆமா, நான்தான் சொன்னேன்."

அலுவலர் தாளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என் முடி காதோடு நிற்கிறது. பாதி நரை. ஒல்லி என்ற சொல்லை என்னிடம் யாரும் சொல்லி வெகுகாலம் ஆகிறது.

"அண்ணே," என்றார் மெதுவாக, "இவங்க அவங்க இல்லையே."

வரிசை மொத்தமும் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான். இரண்டு வாரம் முன்பு விமான நிலையத்துக்கு வந்தவன் பெட்டிகளைத்தான் பார்த்தான். ஒன்பது நாள் ஒரே மேசையில் சாப்பிட்டோம். இப்போதுதான் பார்க்கிறான். எனக்கு மானமும் போனது, நெஞ்சும் வலித்தது. அவனுக்காகவும் கொஞ்சம் வலித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"முடிய எப்ப வெட்டுன?"

"பதினோரு வருஷமாச்சு. அதுக்கப்புறம் நாலு தடவ வீட்டுக்கு வந்துட்டுப் போயிட்டேன்."

கையெழுத்துப் போட அலுவலர் கொடுத்த பேனாவை அவன் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். படகில் கயிறு அவிழ்த்தார்கள்.

"சார்," என்றேன் அலுவலரிடம், "அந்தக் கூந்தல்காரிய அவரு தேடட்டும். கெடைச்சா வீட்டுலயே வெச்சுக்கட்டும். என் பேர எழுதுங்க."

எழுதினார்.