சிவப்பு பட்டனை அழுத்தினால் யார் வருவார்கள்?

நான் புரோகிராமர். மன உளைச்சலில் இருக்கும் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு ஒரு செயலி, அதையும் அவர்களோடு உட்கார்ந்தே வடிவமைக்க வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் திட்டம். ஐந்து பேர் வந்தார்கள். நான்கு பேர் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். ஐந்தாவது, பத்தொன்பது வயதுப் பெண். ஓயாமல் கேட்டுத் துளைத்ததால் அவளுக்குக் கேள்வி என்றே பெயர் வைத்துவிட்டேன்.

முதல் நாளே திரையின் மூலையில் இருந்த சிவப்பு பட்டனைக் காட்டினாள்.

"இதை அழுத்தினா யாரு வருவாங்க?"

உதவி வரும் என்றேன். யார் அந்த உதவி என்றாள். அதை வேறு துறை பார்த்துக்கொள்ளும் என்று மழுப்பினேன். பட்டன்மேல் அவர்கள் மொழியில் இரண்டு வார்த்தை எழுதிவிட்ட பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சோதனை நாள் மதியம், மனதில் இருப்பதை அப்படியே போடுங்கள், எதுவும் வெளியே போகாது என்று நான்தான் சொன்னேன். கேள்வி தன்னைத் தன் தம்பியாக நினைத்துக்கொண்டு பதில் போட்டாள். வயது பன்னிரண்டு. பள்ளிக்கூடம் போவதில்லை. தூக்கம் வருவதில்லை. உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை. முகவரி கேட்டதற்குச் சொந்த வீட்டு முகவரி. கடைசியில் சிவப்பு பட்டன்.

ஐந்து நிமிடத்தில் என் மேசை போன் அடித்தது. குழந்தைகள் நலத்துறை. அந்த வீட்டுக்கு வண்டி கிளம்பிவிட்டதாம். சோதனைக்கு முன் துண்டிக்க வேண்டிய இணைப்பை புத்திசாலி நான் துண்டிக்கவே இல்லை. வண்டியைத் திருப்பச் சொல்லிக் கெஞ்சினேன். பதிவாகிவிட்டால் பையனை நேரில் பார்க்காமல் மூட முடியாது என்றார் போனில் பேசிய அம்மாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

கேள்வியிடம் சொன்னேன். முதல்முறையாக அவள் எதுவுமே கேட்கவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

காரில் ஏறியதும் பேசினாள். "அக்காவையும் இவங்கதான், ரெண்டு நாள்ல கொண்டு வந்து விட்டுடுறோம்னு சொல்லித்தான் ஏத்திட்டுப் போனாங்க. ஏழு வருஷம் கழிச்சு வந்தா. எங்க மொழியே மறந்துபோச்சு, அம்மா பேசினது அவளுக்குப் புரியல."

தம்பியைப் பற்றிப் போட்டதெல்லாம் கற்பனைதானே என்று கேட்டேன். கற்பனை இல்லை என்று தலையசைத்தாள். வண்டியை இன்னும் வேகமாக ஓட்டினேன்.

வாசலில் வெள்ளை வண்டி, பின்கதவு திறந்தபடி. ஓடிப்போய் உள்ளே பார்த்தேன். காலி. அதிகாரி படிவத்தோடு படியில் நின்றிருந்தார். வீட்டில் ஆளில்லை என்றார். தவறு என்னுடையது என்று அவருடைய படிவத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாளை பத்து மணிக்கு மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே பால் தீய்ந்த வாடை. அம்மாவின் போன் சமையல் மேடையிலேயே கிடந்தது. அடுப்பை அணைத்தேன். தம்பி, வண்டி போயிடுச்சு, பயப்படாதே என்று குரல் கொடுத்தேன். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று அவனுக்காக அவள் போட்ட பதில் நினைவுக்கு வந்து அறை அறையாக ஓடித் தேடினேன்.

அப்போது படுக்கையறை அலமாரிக்குள் யாரோ இருமலை அடக்கினார்கள். அப்பாடா என்று அலமாரிக் கதவில் கை வைத்தேன். கேள்வி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீங்க வெளிய போங்க மேடம். நீங்க இருக்கிற வரைக்கும் அம்மாவும் தம்பியும் வரமாட்டாங்க."

வாசலுக்கு வந்தேன். யார் வருவார்கள் என்று அவள் அன்றைக்கே கேட்டாள். நான்தான் வந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.