ஞானபாய்க்கு வராத நோய்

எங்கள் குடும்பத்து ஆண்கள் நோயை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. துறைமுகத்தில் சரக்கு மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பகுதியான மில்லர்புரத்தில் செல்வதுரை சார் வருகிறார் என்றால் இன்றும் எழுந்து நிற்கிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவனுக்கு மார்பில் புற்றுநோய். பெண்களுக்கு வருகிற அதே நோய். மதுரையில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஊருக்கு ஹெர்னியா என்று சொன்னோம். இடப்பக்கம் தட்டையாகிப்போனது தெரியாதபடி, என் மனைவி ஞானபாய் சட்டைப் பையில் கைக்குட்டையை மடித்து வைத்துத்தான் என்னை வெளியே அனுப்புவாள்.

தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை. "இதோட இன்னொரு மருந்தையும் சேர்த்துக் குடுத்தா நோய் திரும்பாம இருக்குமான்னு சில இடங்கள்ல ஆய்வு நடக்குது. ஆம்பளைங்களைச் சேர்த்துக்கிறாங்களான்னு தெரியல. நானும் விசாரிக்கிறேன், நீங்களும் பாருங்க" என்றார் மதுரை டாக்டர்.

மருந்து ஆய்வுகளைப் பதிவு செய்யும் அரசு இணையதளத்தை இருவருமாகத் திறந்து உட்கார்ந்தோம். ஞானபாய் கணக்கு டீச்சராக இருந்தவள், ஒரு வரி விடமாட்டாள்.

"பெண்கள் மட்டும். இதுவும் பெண்கள் மட்டும். ஏங்க, நீங்க பொம்பளையாப் பொறந்திருந்தா எவ்வளவு வசதி!"

ஒன்றே ஒன்றில் இருபாலரும் என்று போட்டிருந்தது. ஆள் சேர்ப்பும் முடியவில்லை. கீழே ஒரு போன் நம்பர்.

நான்தான் பேசினேன். ஒரு இளம்பெண், "யாருக்கு சார்?" என்றாள்.

"என் மனைவிக்கு" என்றது என் நாக்கு. "மார்புப் புற்றுநோய்."

விவரம் பார்த்துவிட்டுச் சாயங்காலம் கூப்பிடுவதாகச் சொன்னாள். ஞானபாய் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கிரேன் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல் எனக்கு. அடுத்த வீட்டு ஈவாஞ்சலினுக்குக் கேட்டுவிட்டது. சாயங்காலம் சபைப் பெண்கள் வேதாகமத்தோடு எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"ஏளா ஞானம், எங்கிட்டகூட சொல்லக்கூடாதா?" என்று ஈவாஞ்சலின் அழுதாள். "மொகமே எப்படி வாடிக் கெடக்கு பாரு!"

ஞானபாய் என்னைப் பார்த்தாள். சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வகுப்பில் ஒரு மதிப்பெண்ணைக்கூடத் தப்பாகப் போடாதவள், கர்த்தருடைய சமுகத்தில் எனக்காக அப்படி உட்கார்ந்திருந்தாள். "உமது அடியாள் ஞானபாயைத் தொட்டருளும்" என்று ஜெபம் உரக்க எழும்பியது.

போன் அடித்தது. அதே பெண்தான். அவள் பேசுவது கூடத்துக்கே கேட்டது.

"சார், அம்மாவுக்கு மாதவிலக்கு நின்னு எத்தனை வருஷம் ஆச்சு? அம்மாகிட்டயே குடுங்க, நான் கேட்டுக்கிறேன்."

ஜெபம் நின்றது. எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். "குடுங்க, நான் சொல்லுதேன்" என்று ஞானபாய் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"நோய் அவளுக்கு இல்லம்மா, எனக்கு" என்றேன். "பேரு செல்வதுரை. மார்புல புற்றுநோய்."

தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"அதுக்கென்ன சார், இதுல ஆண்களையும் சேர்க்கிறோம்" என்றாள் அந்தப் பெண், சர்வ சாதாரணமாக. "ஆனா இது சோதனைதான், பலன் கிடைக்கும்னு உறுதி தர முடியாது. பயாப்சி ரிப்போர்ட்டோட வாங்க. தகுதி இருக்கான்னு டாக்டர் பார்த்துச் சொல்வாங்க."

போனை வைத்தேன். ஈவாஞ்சலின்தான் மெல்ல வாயைத் திறந்தாள்.

"அப்ப இவ்வளவு நேரம் பண்ணுன ஜெபம்?"

"அது எங்கன போயிரும்? ஒரே வீடுதான, கர்த்தருக்கு விலாசம் தெரியும்" என்றாள் ஞானபாய். "இனிமே இவிய பேரச் சொல்லி ஆரம்பி."

ஆரம்பித்தார்கள். நான் நின்றுகொண்டே தலை குனிந்தேன். ஞானபாய் என் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை உருவிக் கண்ணைத் துடைத்தாள். அதைத் திரும்ப வைக்காமல் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.