அஹ்ஸனின் தலையில் சிப் இல்லை

கல்முனைப் பிரதான வீதியில் அஹ்ஸன் வைத்திருந்த கேம் கடைக்கு, நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அது. பாண்டிருப்பு ஜீவராஜ் அன்று ஒரு கேமின் கடைசிக் கட்டத்தில் நின்றான். கிரகங்களைப் பிடிக்கும் வில்லன் ஒருவன், தன் தளபதியின் தலைக்குள் சிப் வைத்து நினைத்தபடி ஆட்டி, ஓர் ஊரையே சுடவைக்கிறான். ஜீவராஜ் அரும்பாடுபட்டு அந்தச் சிப்பை உடைத்தான். தளபதியோ எழும்பி நின்று மறுபடியும் அதே ஊரைச் சுட்டான்.

"இது என்ன அநியாயம்! சிப்தான் உடைஞ்சிட்டே, இன்னும் ஏன்டா சுடுறான்?"

"இப்ப சுடுறது அவன்ட சொந்தப் புத்தி. இனி அவனுக்கு மன்னிப்பில்ல" என்று அஹ்ஸன் பெரிய காதியார் போலத் தீர்ப்புச் சொன்னான்.

வாசலில் றாஹிலா நின்றாள். அஹ்ஸனுக்கு நிச்சயித்த பெண். இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிபோவார்; அந்த வீட்டைப் பெண்ணின் வாப்பா கட்டிக் கொடுக்க வேண்டும். றாஹிலாவின் வாப்பாவும் கட்டித்தான் வைத்திருந்தார். சுனாமி அதை அத்திவாரத்தோடு கொண்டுபோயிற்று. இப்போது இருப்பது வீட்டுத் திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை. அது காணாது, மாடி வீடுதான் வேண்டும் என்று அஹ்ஸனின் உம்மா சரீபா பிடித்த பிடியாக நின்றார்.

"மச்சான், மாடி கட்ட வாப்பா நாளைக்கு வயல விக்கப் போறாரு. அந்த வயல்தான் எங்களுக்குச் சோறு. நீங்க ஒரு வார்த்த சொன்னா நிக்கும்."

"நானா புள்ள ஊடு கேட்டன்? உம்மா கேக்கிறா. உம்மா சொன்னா நான் என்ன செய்ய?"

றாஹிலா திரையைப் பார்த்தாள். அவன் சொன்ன தீர்ப்பு அவள் காதிலும் விழுந்திருந்தது.

"அவன்ட தலையிலயாவது சிப் இருந்திச்சு. உங்கட தலையில என்ன மச்சான் இரிக்கி?"

விறுவிறென்று போய்விட்டாள். அஹ்ஸனின் முகத்தில் ஈயாடவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அந்த அவமானத்தை அவன் கோபமாக்கவில்லை. கடையை ஜீவராஜிடம் ஒப்படைத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனான்.

சரீபா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உம்மா, எனக்கு மாடி வேணாம். அந்த ரெண்டு அறையிலதான் நான் குடியிருப்பன்."

"பைத்தியமா மகன்? மாப்பிள்ளைக்கு ஏதோ குறை எண்டு ஊரு கதைக்கும். எனக்கு ஊடு கட்ட என்ட வாப்பாவும் வளவ வித்தவர்தான்."

"விக்கக்குள்ள அவரு சிரிச்சாரா உம்மா?"

சரீபாவின் கை நின்றது. வளவை விற்ற அன்று தன் வாப்பா அதன் வேலியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது அவருக்கு மறக்கவில்லை.

"ஊரு சொல்லுது எண்டு நீங்க கேக்கிறீங்க, உம்மா சொல்றா எண்டு நான் வாங்கப் போறன். ஆரு செஞ்ச எண்டு கேட்டா ஆருமே செய்யல்ல, ஆனா அந்த மனுஷன்ட வயல் போகுது! நிக்காஹ்வில 'கபூல்', சம்மதம் எண்டு சொல்லப்போறது ஊருமில்ல, நீங்களுமில்ல, நான். ஏவினாங்க, செஞ்சன் எண்டு சொல்லி ஆரும் தப்ப ஏலா. செஞ்சவன்தான் பதில் சொல்லணும்."

சொல்லிவிட்டு றாஹிலா வீட்டுக்குப் போக மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

"நில்லு மகன்." சரீபா கத்தியை வைத்துவிட்டுக் கை கழுவினார். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"கேட்டது என்ட வாய். வேணாம் எண்டும் அந்த வாய்தான் சொல்லணும். எடு."