நிஜாமின் இடுக்கி

14 டிசம்பர் 2024, சனி. இன்று ஒரு தவறு செய்தேன், சின்னதுதான், அல்லது சின்னது என்று எழுதிவிட்டால் சின்னதாகிவிடும் என்று நினைக்கிறேனோ... நடந்ததை முதலில் எழுது, காரணத்தைப் பிறகு எழுது என்பார் மாலை வகுப்பில் சேஃப்டி பாடம் எடுக்கும் சார். நடந்தது: விடியற்காலையில் ரூமிலிருந்து கிளம்பும்போது ரூம்மேட் நிஜாமின் இடுக்கியைப் பையில் போட்டு வந்துவிட்டேன், அதைக் கொண்டே பன்றித் தோள்கறி நான்கையும் திருப்பிவிட்டேன், நான்காவது முடிந்த பிறகுதான் கைப்பிடியில் அவன் சுற்றிய பச்சை டேப் கண்ணில் பட்டது. காரணம்: இருட்டு, ஆணியில் கைக்கு வந்தது அதுதான். வெள்ளிக்கிழமை தவறாமல் நிஜாமும் நானும் எங்கள் தொழிலாளர் கேம்ப்புக்குப் பின்னால் கோழி சுடுகிறோம், மூன்று வருடமாக, ஒரே தட்டு. அந்தக் கோழிக்கு இனி இதைத் தொடலாமா, கழுவினால் போகுமா, அந்தப் பாவம் யாருடைய கணக்கில் போகும், என்னுடையதிலா அவனுடையதிலா...

பெர்னாண்டஸ் சார் எங்கள் டைல்ஸ் ஃபேக்டரியில் சூளை சூப்பர்வைசர், கோவாக்காரர், நாளை அவர் வில்லாவில் விருந்து. சூளை பார்க்கிறவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று டிரம் அடுப்பை என்னிடம் விட்டுவிட்டார். துண்டு ஒவ்வொன்றும் ஐந்து கிலோ, அடுப்பு நூற்றுப்பத்து டிகிரி, அரை மணிக்கு ஒருமுறை குறித்து வைக்கிறேன். கறிக்குள் அறுபத்தெட்டு வரை ஒழுங்காக ஏறியது, பிறகு நின்றுவிட்டது, பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று வரை அதே அறுபத்தெட்டு. சூளையில் முள் நின்றால் கேஸைக் கூட்டுவோம், அந்தப் பழக்கத்தில் காற்றுத் துளையைத் திறக்கக் கை போனது, சார் ஜன்னலிலிருந்து ஹிந்தியில் சத்தம் போட்டார், "விடு தம்பி, கறிக்கு வேர்க்குது, அது நிற்கிற நேரம், நீ சும்மா உட்காரு." உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் இடுக்கிதான் தெரிகிறது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சை போட்டுத் தேய்த்தேன், வாங்கியபோதுகூட இப்படி மின்னியதில்லை, இத்தனை பளபளப்பு எப்படி என்று கேட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது.

அப்போதுதான் நிஜாம் போன் செய்தான். "என்னடா உடையப்பா, சாரு வீட்டு விருந்தா? எனக்குப் பார்சல் வேணாம் சாமி. நல்லாக் குளிச்சுட்டு வா, வாடை அடிச்சா வெளியில படு." சிரித்தேன். "ஆமா, இடுக்கிய ஆணியில காணோமே, பாத்தியா?" இல்லை என்றேன். கட்டிலுக்கடியில் பாரு என்றேன். அதுவும் எப்படி, யோசிக்காமல், சரளமாக... "சரி, குனிஞ்சு பாக்குறேன், முதுகு வேற வலிக்குது" என்று வைத்துவிட்டான்.

அவன் கோபப்பட்டால் தாங்கிக்கொள்வேன். பரவாயில்லடா என்று சொல்லிவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை தனித்தட்டு எடுத்தால்? அதற்குத்தான் பயந்தேனா? இல்லை, அதற்குக்கூட இல்லையோ... இடுக்கியை எடுத்தது இருட்டில். கட்டிலுக்கடியில் குனியவைத்தது நல்ல வெளிச்சத்தில். முதல் தவறுக்குக் காரணம் எழுத ஒரு வரி போதுமாக இருந்தது, இரண்டாவதற்கு நான்கு வரி இடம் விட்டும் ஒன்றும் வரவில்லை. மணி நாலரை. அறுபத்தொன்பது.

நாளை ஞாயிறு: கடை திறந்ததும் புது இடுக்கி வாங்க வேண்டும். நிஜாம் டியூட்டி முடிந்து வந்ததும் முதலில் சொல்ல வேண்டும், பிறகுதான் அதைக் கையில் கொடுக்க வேண்டும்.