ரைட் கொடுக்காத குரல்

புதிதாக வந்த மிஷனரி வாயைத் திறந்ததும் தையல்காரம்மாவின் புருஷனுடைய குரல் வந்தது. அது நடந்தது ஒரு திங்கட்கிழமை காலை. அன்றைக்குத் தக்காளி விலை இறங்கியிருந்தது, தெருக் குழாயில் தண்ணீர் தாமதமாக வந்தது, வேறு விசேஷம் எதுவும் இல்லை. மிஷனரி கடல் கடந்து வந்தவர். அந்தக் காலை வெயிலுக்கே மூக்கு நுனி சிவந்துபோயிருந்தது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கடிக்கிற புதுச் செருப்பு, பூட்டு உடைந்து கயிற்றால் கட்டிய ஒரு பெட்டி. சைக்கிள் கடை வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "மாடியில ரூம் காலியா இருக்குன்னு சொன்னாங்க. கொஞ்சம் வழி விடுங்க சார், பின்னாடி ஆள் வருது" என்றார். பின்னால் ஆள் யாரும் வரவில்லை. பஞ்சர் பார்க்க டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்த கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. டியூபை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றார். புழுதி குடித்துக் கரகரத்துப்போன அந்தக் குரல் அவருடைய தங்கை புருஷனின் குரல்.

அந்தத் தங்கை எதிர் வரிசையில் தையல் மிஷின் வைத்திருப்பவள். அவளுடைய புருஷன் பஸ் கண்டக்டராக இருந்தார். கம்பெனியை இழுத்து மூடியதும், துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை கிடைத்திருக்கிறது என்று வெளிநாடு போனார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு எப்போதாவது போன் வந்தது, பிறகு ஒன்றுமே வரவில்லை. விசாரிக்கப் போன இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். வருஷங்கள் போயின. மனைவியை இழந்த மருந்துக்கடைக்காரர், தலைவலி மாத்திரை வாங்க வந்தவளிடம் மென்று விழுங்கி ஒரு வார்த்தை கேட்டார். அவள் இரண்டு மழைக்காலம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளைச் சட்டையை அவளே தைத்துக்கொண்டிருந்தாள், காலர் மட்டும் பாக்கி. இந்த நேரம் பார்த்துத்தான் மிஷனரி வந்து சேர்ந்தார். சந்தேகப்படாமல் இருப்பதற்கு எங்கள் தெரு ஒன்றும் அவ்வளவு நல்ல தெரு இல்லை.

அன்று மத்தியானமே அவர் ஊழியத்தைத் தொடங்கிவிட்டார். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, கடவுளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வது முதல் வாரத்து வேலை. பாஷையில் ஒரு குறையும் இல்லை, வெளிநாட்டுக்காரர் என்று கண்ணை மூடிக்கொண்டால் தெரியாது. ஆனால் சொன்னதெல்லாம் கண்டக்டர் பாஷையாக இருந்தது. "பரலோகத்துல இடம் தாராளமா இருக்குங்க. எல்லாரும் வாசல்லயே நின்னா எப்படி? உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியா கிடக்கு" என்றார். ஜன்னலில் எட்டிப் பார்த்த பெண்களிடம் தலையை வெளியே நீட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தாடி வைத்த ஒரு கிழவர் தான் பாவமே செய்ததில்லை என்று சொன்னபோது, "எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க, செக்கர் ஏறும்போது தெரியும்" என்று பதில் சொல்லிவிட்டு, தானே திகைத்துப்போய் நின்றார். கிழவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குள் தெருவில் மூன்று கட்சி உண்டாகிவிட்டது. மிஷனரி கண்டக்டரைக் கொன்று குரலை எடுத்துக்கொண்டார் என்றது ஒரு கட்சி. கண்டக்டர் அங்கே வேறு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறார், குரலை விற்றுவிட்டார் என்றது இன்னொன்று. மூன்றாவது கட்சிக்கு இதெல்லாம் சைக்கிள் கடைக்காரர் செய்த வேலை. தங்கை கல்யாணத்தைக் கெடுக்கத்தான் இப்படி ஒரு ஆளைப் பிடித்து மாடியில் வைத்திருக்கிறார் என்றார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, வாசலில் வாடகைக்கு என்று பலகை மாட்டியது தவிர ஒரு பாவமும் அறியேன் என்றார். மருந்துக்கடைக்காரர் படித்தவர், இந்தப் பேச்சில் எல்லாம் சேரவில்லை. மிஷனரியைக் கடைக்குக் கூப்பிட்டு, நாக்கை நீட்டச் சொல்லி, டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். தொண்டை சுத்தமாக இருந்தது. பாஷையை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். ஒரு நல்ல மனுஷரிடம் என்றார் மிஷனரி. அந்த மனுஷர் இப்போது எங்கே என்று கேட்டதற்குத்தான் வந்தது வினை. "அதை முதல் வாரத்துல பேசக் கூடாதுங்க" என்றார், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே. எத்தனை பேர் எத்தனை விதமாக வாயைப் பிடுங்கியும் இதற்கு மேல் அவர் பிடி கொடுக்கவில்லை. கொன்றுவிட்டார் என்ற கட்சியில் அன்று சாயங்காலம் புதிதாகப் பலர் சேர்ந்தார்கள்.

தையல்காரம்மா வீட்டுக் கதவு மட்டும் அவருக்குத் திறக்கவில்லை. முதல் நாளே அவள் குரலைக் கேட்டுவிட்டாள். காலர் துணியை மிஷினில் அப்படியே போட்டுவிட்டு, தாழ்ப்பாள் போட்டு, கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு இருந்த சந்தேகம் தெருவில் யாருக்கும் தோன்றாத சந்தேகம். புருஷன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான், இவள் காத்திருக்கிறாளா இல்லையா என்று வேவு பார்க்கக் குரலை மட்டும் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தாள். பயமும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம்தான் கூட. ஒரு பெண்ணை இத்தனை வருஷம் வாசலைப் பார்க்க வைத்துவிட்டு, எழுந்து நடக்கப் போகிற வாரத்தில் வந்து கதவைத் தட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? புதன்கிழமை மிஷனரி கதவுக்கு வெளியே நின்று அன்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பேச்சு நடுவில் அறுந்து, "மிஷினுக்கு எண்ணெய் போட்டியா?" என்று கேட்டது குரல். மிஷனரி வாயைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினார். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது கண்டக்டர் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்கிற கேள்வி அது. உள்ளே அவள் அழுதாள். அழுது முடித்து, மிஷினுக்கு எண்ணெய் போட்டாள்.

வியாழக்கிழமை டிரைவர் வந்தார். கண்டக்டரோடு ஒரே பஸ்ஸில் பல வருஷம் ஓட்டியவர், இப்போது மில்லுக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறார். தெரு நடுவில் வேனை நிறுத்தி, மிஷனரியைப் பின் சீட்டில் உட்கார வைத்து, சோதித்துப் பார்க்கலாம் என்று இன்ஜினைப் போட்டார். படியில் நிற்காதீர்கள், கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், பெண்களுக்கு இடம் விடுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தது குரல். ரைட் மட்டும் கொடுக்கவில்லை. டிரைவர் காத்திருந்தார். கியர் போட்டார், வேன் உறுமியதே தவிர ஒரு அங்குலம் நகரவில்லை. தள்ளிப் பார்த்தார்கள், அதற்கும் அசையவில்லை. டிரைவர் இறங்கி, கூடியிருந்தவர்களிடம் சொன்னார்: "அவன் ஒருத்தர் காலு தரையில இருந்தாக்கூட ரைட் குடுக்க மாட்டான். ரெண்டு படியையும் கண்ணால பாத்துட்டுத்தான் குடுப்பான். ஒரு தடவை ஒரு பொண்ணு துணி மூட்டையோட தூரத்துல ஓடி வருதுன்னு வண்டிய நிறுத்தி வச்சான். செக்கர் கத்துறாரு, ஜனங்க கத்துது, ம்ஹூம். அந்தப் பொண்ணு ஏறி உக்காந்தப்புறம்தான் ரைட்டு. இப்பவும் யாரோ ஏறல, அதான்." அந்தப் பெண் யார் என்று தெருவுக்குத் தெரியும். எல்லோரும் தையல்காரம்மாவின் ஜன்னலைப் பார்த்தார்கள். வேன் அங்கேயே நின்றது. தெருவுக்குள் வர வேண்டிய வண்டிகள் சுற்றிக்கொண்டு போயின.

வெள்ளிக்கிழமை மருந்துக்கடைக்காரர் கதவுக்கு வெளியே நின்று பேசினார். "நான் சந்தேகப்படுறேன்னு நினைக்காதீங்க" என்று ஆரம்பித்தவர், அடுத்த மூச்சிலேயே, "சந்தேகமாத்தான் இருக்கு. ராத்திரி தூக்கம் வரல" என்றார். கல்யாணத்தைத் தள்ளி வைத்தாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, தனக்கு வருத்தம் இல்லை என்றார். வருத்தம் இருப்பது குரலிலேயே தெரிந்தது. அவர் குரல் அவருடையதாகவே இருந்தது, அது அவளுக்கு ஒரு ஆறுதல். நாளைக்கு நானே கேட்டுவிடுகிறேன் என்றாள்.

சனிக்கிழமை காலை அவள் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மிஷனரி வந்தார். உள்ளே ஒரு கால் வைத்தவர் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். காக்கிச் சட்டையும் தோளில் பையுமாகக் கண்டக்டர் அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். மிஷனரியின் முகம் வெளுத்தது. இவர் யார் என்று கேட்டார். என் புருஷன் என்றாள் அவள். அவர் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தார். இறப்பு, நோய், இந்த இரண்டையும் முதல் வாரத்தில் எந்த வீட்டிலும் வாயால் சொல்லக் கூடாது, ஜனங்கள் மிரண்டுவிடுவார்கள் என்று மிஷனில் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொன்ன பேச்சைக் கேட்டு நடப்பவர் என்பதால்தான் ஒரு தெருவே தன்னைக் கொலைகாரனாகப் பார்க்கும்படி செய்துகொண்டார். அந்த நிமிஷம் அவர் அந்த விதியை மீறினார்.

"எங்க ஊர் துறைமுக ஆஸ்பத்திரியில நான் சேவை பண்ணிட்டு இருந்தேம்மா. அங்க படுத்திருந்தார். பேரு கேட்டா கண்டக்டர்னு மட்டும்தான் சொல்வார். உங்க பாஷைய அவர் பக்கத்துல உக்காந்துதான் கத்துக்கிட்டேன். அவர் குரல் இறங்க இறங்க எனக்குக் குரல் ஏறிக்கிட்டே வந்துச்சு. கடைசியில அவர் உதடு மட்டும் அசையும், சத்தம் என் வாயில வரும். போன குளிர்காலத்துல போயிட்டார்." அவர் இன்னொன்றும் சொன்னார். மிஷன் அவரை அனுப்பியது வேறு ஊருக்கு. பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கேட்க வாயைத் திறந்தபோது, வாய் இந்த ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டது.

அவள் படத்தைப் பார்த்தாள், மிஷனரியைப் பார்த்தாள். இத்தனை வருஷம் கேட்க வைத்திருந்த கேள்விகள் எத்தனையோ இருந்தன, ஏன் போன் பண்ணவில்லை, ஏன் சொல்லவில்லை, ஏன் தனியாகப் படுத்துக் கிடந்தாய் என்று. அதையெல்லாம் விட்டுவிட்டாள். மிஷனரியின் வாயைப் பார்த்து, "ஏங்க" என்று கூப்பிட்டாள். "நான் என்ன செய்யட்டும்?" என்றாள்.

மிஷனரி ஆறுதலாக ஒரு வசனம் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வசனம் வரவில்லை. அவர் தலை மெல்லத் திரும்பி முன்வாசலைப் பார்த்தது, பிறகு பின்வாசலைப் பார்த்தது, பிறகு அவளுடைய பாதங்களைப் பார்த்தது. இரண்டு பாதமும் வீட்டுக்குள், சிமெண்டுத் தரையில் அழுந்தி இருந்தன. "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டது குரல். "ஏறியாச்சு" என்றாள்.

"போலாம் ரைட்" என்றது குரல்.

வெளியே வியாழக்கிழமையிலிருந்து நின்ற வேன் தானாகக் கிளம்பியது. டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடி, ஓடுகிற வண்டியில் தாவி ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தார். வேன் போன பிறகும் அவள் ரொம்ப நேரம் அழுதாள். மிஷனரியும் அழுதார், அது அவருடைய சொந்த அழுகைதான் என்று பக்கத்து வீட்டில் கேட்டவர்கள் சொல்கிறார்கள். சாயங்காலம் அவள் காலரைத் தைத்து முடித்தாள். மறுநாள் அண்ணன் வீட்டு முன்னறையில் கல்யாணம் நடந்தது. சட்டை மாப்பிள்ளைக்குச் சரியாக இருந்தது.

மிஷனரி எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார். குரலும் தங்கிவிட்டது. அவர் ஜெபத்துக்கு வாடகைக்கு எடுத்த கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் ஒருத்தர்கூட நிற்பதில்லை, எல்லோரும் முன்னால் போய் உட்கார்கிறார்கள். கொலைக் கட்சிக்காரர்கள்தான் முதல் வரிசை. மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் ஒரு சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. அன்றைக்கு ரைட் கொடுத்தது கண்டக்டரா, இல்லை, பாவம் பார்த்து மிஷனரியே கொடுத்தாரா? மிஷனரி தொண்டைக்கு மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் கேட்டுப் பார்க்கிறார். அதுதான் தனக்கும் தெரியவில்லை என்கிறார் மிஷனரி. மனைவியிடம் கேட்கும் தைரியம் மருந்துக்கடைக்காரருக்கு இல்லை.

சாயங்காலம் மிஷனரி தெரு வழியாகப் போகும்போது, வாசலில் வெளிச்சத்துக்காக உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருக்கும் தையல்காரம்மாவைப் பார்த்து, "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறது குரல். சரி என்று சொல்லிவிட்டு, துணியைச் சுருட்டிக்கொண்டு அவள் உள்ளே போகிறாள்.