முதுகில் தைத்த பெயர்

அத்தை அந்தத் துணியைக் கையாலேயே தைத்திருந்தார். வெள்ளைத் துணி, நீல நூல். "என் மகள் சினாமியும் இவரோடு ஓடுகிறாள்." மாரத்தானுக்கு முந்தின நாள் மாலை அதை என் ஓட்டச் சட்டையின் முதுகில் வைத்து நான்கு மூலையிலும் ஊக்கு குத்தினார்.

"கொஞ்சம் திரும்புங்க மாப்ளே. ம், நேரா இருக்கு. பின்னாடி வர்றவங்க படிக்கணுமில்ல."

"இவ்ளோ பெரிய எழுத்தா? ஹெலிகாப்டர்லருந்தே படிக்கலாம்," என்றார் மாமா.

"நீங்க சும்மா இருங்க. நாளைக்கு ஆரஞ்சு உரிக்கிற வேலையை மட்டும் பாருங்க."

முப்பத்து மூன்றாவது கிலோமீட்டரில் பாதை அவர்கள் வீட்டு வாசலைத் தொட்டுப் போகிறது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் வாசலில் மேசை போட்டு, தங்கள் தோட்டத்து ஆரஞ்சை உரித்து ஓடுபவர்களுக்குக் கொடுப்பார்கள். அந்தத் தெருவில் எல்லா வீடும் ஏதாவது கொடுக்கும்.

அவர்களிடம் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். பதினோரு மாதமாக அது அப்படியே இருந்தது.

ஓட ஆரம்பித்தது சினாமிதான். கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் எனக்குக் கொழுப்பு அதிகம் என்று வந்ததும், சாப்பாட்டுக்குப் பிறகு என்னை ஆற்றங்கரைக்கு இழுத்துப் போனாள். இரண்டு கிலோமீட்டர். திரும்பும்போது முனைக் கடையில் பொரித்த கோழி. "ஓடினதைவிட தின்னதுதான் ஜாஸ்தி," என்பாள். இரண்டு ஐந்தானது. அடுத்த வசந்தத்தில் இருவரும் பத்து கிலோமீட்டர் போட்டியில் ஓடினோம். அவள் எனக்கு ஆறு நிமிடம் பின்னால், வழியில் பார்த்த நாய்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

அரை மாரத்தானுக்கு நான் மட்டும் பெயர் கொடுத்தேன்.

"எனக்குப் பத்து போதும்பா. அதுக்கு மேல ஓடுறவங்க எல்லாரும் வீட்டுலருந்து தப்பிச்சு ஓடுறவங்க. நீ எதுலருந்து ஓடுற?"

"உன் சமையல்லருந்து."

சிரித்தாள். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலைச் சாப்பாட்டை அவள் தனியாகத்தான் சாப்பிட்டாள். நான் பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு என்று கூட்டிக்கொண்டு போனேன்.

போட்டி அன்று காலை அவளுக்குத் தலைவலி. போகவா வேண்டாமா என்று கேட்டேன். ஷூ போட்டுக்கொண்டேதான் கேட்டேன்.

"மாத்திரை போட்டுப் படுத்துக்கிறேன், போ. ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிக்கலேன்னா கதவு திறக்க மாட்டேன்."

பதினேழாவது கிலோமீட்டரில் இடுப்புப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். அவள் பெயர். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க எனக்கு ஐம்பது நொடிதான் உபரியாக இருந்தது. போனைப் பையில் போட்டேன். சற்று நேரத்தில் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை எடுக்கவே இல்லை. எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில் வேகம் கூடியது.

ஒரு மணி, ஐம்பத்தொன்பது நிமிடம், இருபது நொடி.

சான்றிதழ் வாங்கினேன். இலவச சூப் குடித்தேன். பிறகு அழைத்தேன். எடுக்கவில்லை. கோபம் என்று நினைத்து ரயிலில் தூங்கினேன். இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனபோது சமையலறைத் தரையில் கிடந்தாள். மூளையில் இரத்தக் கசிவு. மூன்றாம் நாள் இறந்தாள். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

அவள் போனில் அந்த இரண்டு அழைப்புகளையும் அத்தை பார்த்துவிட்டார். "உங்களுக்குக் கூப்பிட்டிருக்காளே?" என்றார்.

"போன் துணிப் பையில இருந்துச்சு. பையை ஆரம்பத்துலயே குடுத்துட்டு ஓடினேன்."

"பாவம், உங்களுக்கு எப்படித் தெரியும்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் இன்னும் அதிகம் ஓடினேன். இருபத்தைந்து, முப்பது. அவள் நினைவில் ஓடுகிறேன் என்று அத்தை எல்லாரிடமும் சொன்னார். தங்கள் ஊர் மாரத்தானில் எனக்காகப் பெயர் கொடுத்ததும் அவர்தான். மறுக்க எனக்குக் காரணம் எதுவும் சொல்ல முடியவில்லை.

மாரத்தானில் எட்டாவது கிலோமீட்டரில், வேடிக்கைக்கு முள்ளங்கி வேஷம் போட்டு ஓடிய ஒரு பெரியவர் என் முதுகைப் படித்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"மனைவியா?"

"ஆமா."

"எப்போ?"

"போன மார்ச்."

"அழாதீங்க தம்பி. அழுதா மூச்சு வாங்கும். எனக்கு ஏற்கெனவே இந்த முள்ளங்கியில வாங்குது."

நான் அழவில்லை. அவர் என் முதுகைத் தட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு பலர் தட்டினார்கள். "அவங்க பார்த்துட்டிருக்காங்க!" "ரெண்டு பேரும் சேர்ந்து முடிங்க!" ஒரு பெண் என்னை முந்தும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வணங்கினாள். எல்லாருக்கும் நன்றி சொன்னேன். இருபத்தெட்டில் கால் இழுத்துக்கொண்டது. முப்பதுக்குப் பிறகு பாதி நடை.

மாமா வாசலில் பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அத்தை உள்ளே போயிருந்தார். மணி பன்னிரண்டு ஐம்பது. முப்பத்து நான்கரையாவது கிலோமீட்டரில் ஒன்று ஐந்துக்குப் பாதையை மறித்துக் கயிறு கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருபவர்களை பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள்.

"என்ன மாப்ளே, ஊர்வலம் மாதிரி வர்றீங்க. இந்தாங்க, வாயில போட்டுக்கிட்டே ஓடுங்க."

நான் வாங்கவில்லை. "மாமா, அன்னிக்கு போன் என்கிட்டதான் இருந்துச்சு."

"என்னிக்கு?"

"சினாமி கூப்பிட்டப்போ. பேரைப் பார்த்தேன். எடுக்கல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த ஆரஞ்சைப் பார்த்தார்.

"ஏன்?"

"ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்னு."

"எடுத்திருந்தா எவ்ளோ நேரம் போயிருக்கும்?"

"ஒரு நிமிஷம்."

அவர் ஆரஞ்சை உரித்து முடித்தார். தட்டில் வைத்தார். பின்னால் வந்த ஒருவர் அதை எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார். "வாங்க வாங்க, இன்னும் ஒன்பதுதான்," என்றார் மாமா, காலையிலிருந்து சொன்ன அதே குரலில்.

அத்தை கெட்டிலோடு வந்தார். "ஐயோ, என்ன நிக்கிறீங்க? கயிறு கட்டிடுவாங்க! போங்க, போங்க!"

நான் மாமாவிடம் மெதுவாகச் சொன்னேன். "நீங்களே அவங்ககிட்ட..."

"நான் சொல்ல மாட்டேன்." அடுத்த ஆரஞ்சை எடுத்தார். "போறதுன்னா போங்க. நின்னா நீங்கதான் சொல்லணும்."

கயிறு கட்டும் இடத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர். கால் வலித்தாலும் முடியும் தூரம்தான். அதைத் தாண்டி ஓட்டத்தை முடித்தால் மாலையில் விருந்து இருக்கும். அத்தை அழுவார். மாமா எதுவும் பேச மாட்டார். அவர் வாயைத் திறக்க மாட்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

நான் படியில் உட்கார்ந்தேன்.

"காலா? எந்தக் கால்?" அத்தை கெட்டிலை வைத்துவிட்டு ஓடிவந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தார். கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தேய்த்தார். "கல்லு மாதிரி இருக்கே. பரவாயில்ல, பரவாயில்ல. அடுத்த வருஷம் ஓடிக்கலாம்."

பின்தங்கியவர்களை ஏற்றும் பஸ் மெதுவாக வந்தது. கதவு திறந்தது. தொண்டர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஏறுறீங்களா?"

"இல்ல," என்றேன்.

பஸ் போனது.

"அத்தை, கால் இல்ல."

"பின்ன என்ன?"

"அன்னிக்கு போன் என் இடுப்புல இருந்துச்சு. அவ பேரைப் பார்த்துட்டுத்தான் எடுக்காம விட்டேன்."

தேய்ப்பது நின்றது. அவர் கைகள் என் காலை விடவில்லை, நகரவும் இல்லை.

இரண்டாவது அழைப்பையும் சொன்னேன்.